மேடையில் நாம் மட்டும் ஏன் சாகிறோம்?

(இளையோர் சமூக நாடகக் குழுக்கள் பங்கேற்ற இரண்டு நாள் நாடக விழாவின் நிறைவு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இரண்டு நாட்களாகச் சரியான தூக்கம் இல்லாமல், சாமான் தூக்கி, ஒப்பனை போட்டு, கலைத்து, அடுத்த குழுவின் நாடகத்தைப் பார்க்க மறுபடியும் ஓடிவந்து தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீளமாகப் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போகவும் மனம் வரவில்லை.

கல்லூரியில் படித்தபோது நான் ஐந்து நாடகங்களில் நடித்தேன். ஐந்திலும் செத்தேன். ஒன்றில் கரும்புக் காட்டில் பிணமாகக் கிடந்தேன். ஒன்றில் விடுதி அறையில் தூக்கு மாட்டிக்கொண்டேன். ஒன்றில் குடிசையோடு எரிந்தேன். ஒன்றில் மலக்குழியில் இறந்த தொழிலாளியின் மனைவியாக வந்து விஷம் குடித்தேன். ஐந்தாவது நாடகத்தில் எனக்கு வசனமே கிடையாது. விளக்கு எரியும்போதே பிணமாகக் கிடப்பேன், விளக்கு அணையும்போது எழுந்து போவேன். "நீ படுத்தா ரியலா இருக்கு" என்று இயக்கியவர் பாராட்டினார். கலெக்டர், வக்கீல், நியாயம் கேட்டு வரும் பத்திரிகையாளர் ஆகிய வேடங்கள் எல்லாம் மற்றவர்களுக்குப் போயின. அதை அன்று நான் கவனிக்கக்கூட இல்லை. பரிசு வாங்கிய சந்தோஷத்தில் இருந்தேன்.

ஐந்தாவது நாடகத்துக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பேருந்தில் ரொம்ப நேரம் பேசாமலேயே வந்தார். பிறகு ஒன்று கேட்டார். "உனக்கு வேற வேஷமே தர மாட்டாங்களா?"

அந்தக் கேள்விதான் இன்று என் ஆய்வாகியிருக்கிறது. அதைத்தான் உங்கள் முன்னாலும் வைக்க வந்திருக்கிறேன்.

இந்த விழாவில் ஏழு நாடகங்கள் பார்த்தோம். நடிப்பைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. நேற்று இரவு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்கும் காட்சியில் அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அழுதேன். நீங்களும் அழுதீர்கள். ஆனால் ஆய்வு மாணவிக்கு எண்ணிப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. ஏழில் ஐந்து நாடகங்கள் நம்முடைய பிணத்தில் முடிந்தன. சரி, அந்த ஐந்திலும் கொன்றது யார் என்று பார்த்தேன். மூன்றில் பெரிய மீசை வைத்து, அரிவாள் பிடித்து, உறுமிக்கொண்டே வரும் ஓர் ஆள். அவனுக்குப் பெயர் கிடையாது, தொழில் கிடையாது, வீடு கிடையாது. மீதி இரண்டில் அவனும் இல்லை. திரைக்குப் பின்னால் தீப்பந்தம் தெரிகிறது, கூச்சல் கேட்கிறது, நம் ஆள் விழுகிறார். புயலடித்துச் செத்ததைப் போல, வெள்ளம் வந்து அடித்துப் போனதைப் போலச் சாதி வந்து கொல்கிறது.

சாதி அப்படித் தானாக வருவதில்லை என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதை ஒருவர் செய்கிறார். அவர் காலையில் எழுந்து பல் துலக்குகிறார். பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார். கூட்டுறவு சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார். நம்மைப் பார்த்தால் "என்னப்பா, நல்லாயிருக்கியா?" என்று சிரிக்கவும் செய்கிறார். அந்த ஆள் ஏன் நம் மேடைக்கு வருவதே இல்லை?

இதற்கு நான் மூன்று காரணங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, விழா என்கிற அமைப்பே. உங்களுக்குக் கொடுக்கப்படுவது இருபது நிமிடம், அரை மணி நேரம். அதற்குள் பார்வையாளரை உலுக்கியாக வேண்டும். ஒரு பிணத்தைக் கிடத்தி, மெதுவாகப் பறையடித்து, ஒரு ஒப்பாரி பாடினால் அரங்கம் உலுங்கிவிடுகிறது. பரிசும் கிடைத்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வரும் குழு அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. இப்படித்தான் பிணம் நம் நாடகத்தின் இலக்கணமாகிவிட்டது.

இரண்டாவது, நகரத்துப் பார்வையாளர். மீசையும் அரிவாளுமாக ஒருவன் வரும்போது அரங்கில் இருக்கும் எவரும் அவனைத் தன்னோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அது எங்கோ கிராமத்தில் இருக்கும் காட்டுமிராண்டி. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரிடம் "நீங்க சைவமா?" என்று விசாரித்தவர்கூட நிம்மதியாக அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மூன்றாவது, பயம். இதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். செய்தவரைக் காட்டினால் அவர் நாளைக்கு நம் தெருவுக்கு வருவார். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆனால், நாம் இப்படித்தான் நாடகம் போட்டாக வேண்டும் என்று வரலாறு சொல்லவில்லை. 1954ஆம் ஆண்டு சென்னை மாநில அரசு நாடக நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. எம்.ஆர்.ராதாவின் இராமாயண நாடகத்தை மனதில் வைத்துத்தான் அந்தச் சட்டம் வந்தது என்பது இயக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் உயிரோடிருந்த சட்டம். ராதா மேடையில் நம் பிணத்தைக் காட்டியதற்காகவா அந்தச் சட்டம் வந்தது? மேலே உட்கார்ந்திருந்தவர்களை மேடைக்கு இழுத்துவந்து கேலி செய்ததற்காக வந்தது. தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதும் அந்த வேலைதான். ராஜா கொலுவில் இருக்கும்போதே பக்கத்தில் நின்று அவரைக் கிண்டலடிப்பான்.

இன்னொரு குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்களும் உங்களைப் போல ஒரு தெருவின் பிள்ளைகள்.

1998 பிப்ரவரி. மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் கேரியா சபர் பழங்குடியைச் சேர்ந்த புதன் சபர் என்ற இளைஞரைப் போலீஸ் பிடித்துப் போகிறது. சில நாட்களில் காவலில் இறந்துபோகிறார். தற்கொலை என்கிறது போலீஸ். மகாசுவேதா தேவி துணை நின்ற சபர் நலச் சங்கம் நீதிமன்றத்துக்குப் போகிறது. அதே ஆண்டு கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ரூமா பால், புதனின் மனைவி சியாமளிக்கு இழப்பீடு தரவும் சி.பி.ஐ. விசாரிக்கவும் உத்தரவிடுகிறார்.

இந்தச் செய்தி நாட்டின் இன்னொரு கோடியில், அகமதாபாத்தின் சாராநகருக்குப் போய்ச் சேர்கிறது. சாரா சமூகம் 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தால் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்ட சமூகம். நாடு விடுதலையடைந்து, 1952 ஆகஸ்ட் 31இல் சட்டம் நீக்கப்பட்ட பிறகும், எங்கே திருட்டு நடந்தாலும் போலீஸ் முதலில் வந்து நிற்பது இவர்கள் வாசலில்தான். அந்த ஆண்டு மகாசுவேதா தேவியும் ஜி.என்.தேவியும் முன்னின்று அங்கே ஒரு நூலகம் தொடங்குகிறார்கள். அதற்கு வந்து போன இளைஞர்கள் புதன் வழக்கை நாடகமாக்குகிறார்கள். 1998 ஆகஸ்ட் 31 அன்று சாராநகரிலேயே அரங்கேற்றுகிறார்கள். குழுவுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிடுகிறது: புதன் தியேட்டர்.

இந்த நாடகத்திலும் ஒருவர் சாகிறார்தானே என்று நீங்கள் கேட்கலாம். சாகிறார். ஆனால் நாடகம் காட்டுவது சாவு எப்படிச் செய்யப்படுகிறது என்பதை. யார் பிடித்தார், எந்தக் காரணமும் இல்லாமல் எப்படிப் பிடித்தார், நிலையத்தில் யார் அடித்தார், பிறகு தற்கொலைக் கதை எப்படித் தயாரானது என்று ஒவ்வொரு படியாகப் போகிறது. மேடையில் சட்டை போட்ட அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அந்த அதிகாரிகளாக நடித்தவர்கள் யார்? சிறு வயதிலிருந்து போலீஸ் தங்கள் வீட்டுக் கதவை உதைப்பதைப் பார்த்து வளர்ந்த சாரா இளைஞர்கள். லத்தியை எப்படிப் பிடிப்பார்கள், அடிப்பதற்கு முன் எப்படிச் சிரிப்பார்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடி வாங்கியவர்களிடம் அடித்தவர்களைப் பற்றிய அறிவு இருக்கிறது. நம்மிடமும் இருக்கிறது. அதை நாம் மேடையில் செலவழிப்பதே இல்லை.

நாடகம் போட்டதால் போலீஸ் திருந்திவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2018 ஜூலையில்கூட ஒரு நள்ளிரவில் சாராநகருக்குள் போலீஸ் புகுந்து மக்களை அடித்தது. ஆனால் இருபது ஆண்டுகளில் அந்தத் தெருவின் பிள்ளைகள் ஒன்றைக் கற்றிருந்தார்கள். அடி வாங்கினால் அடித்தவர் யார் என்று பொதுவெளியில் கேட்கக் கற்றிருந்தார்கள்.

இதே குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு எதிராக நின்றதற்காக 1920 ஏப்ரல் 3இல் உசிலம்பட்டிப் பகுதியின் பெருங்காமநல்லூரில் மாயக்காள் உட்பட 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரமலைக் கள்ளர் சமூகத்து மக்கள். அந்தத் தியாகத்தை நாம் மதிக்கிறோம். அதே உசிலம்பட்டிப் பகுதியில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதற்காக, 1996லிருந்து 2006 வரை பத்தாண்டுகள் அங்கே ஒரு தலித் தலைவர் உட்கார முடியவில்லை. யாரையாவது நிறுத்துவார்கள், ஜெயிக்க வைப்பார்கள், உடனே ராஜினாமா செய்ய வைப்பார்கள். ஒரு வரலாற்றில் சுடப்பட்ட சமூகம், இன்னொரு வரலாற்றில் நாற்காலியை மறித்து நிற்கிறது. சாதி எவ்வளவு சிக்கலானது என்று பாருங்கள். மீசை, அரிவாள் பொம்மையை வைத்து இந்தச் சிக்கலை எப்படிக் காட்டுவீர்கள்?

இதில் ஒரு நாடகம் இருக்கிறது, தோழர்களே. அதில் பிணமே தேவையில்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு வெள்ளைத்தாள் போதும். ஒருவர் காலையில் பதவி ஏற்கிறார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய ராஜினாமாக் கடிதம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதை யார் எழுதினார்? எழுதியவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? கையெழுத்துப் போட்டவருக்கு அன்று டீ யார் வாங்கிக் கொடுத்தார்? இதை நீங்கள் நகைச்சுவையாகவே போடலாம். சிரித்துக்கொண்டிருக்கும் பார்வையாளருக்கு எந்த இடத்தில் சிரிப்பு நிற்கிறது என்று பாருங்கள்.

அப்படியானால் நம்முடைய இறந்தவர்களை மறந்துவிடச் சொல்கிறாயா என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ஒரே குடிசையில் 44 பேர். அதை மறந்தவர் இந்த அரங்கில் உட்காரக்கூடாது. ஆனால் வெண்மணி என்றாலே நம் குழுக்கள் சிவப்புத் துணியை ஆட்டி, குழந்தைகளை அலறவிட்டு, விளக்கை அணைக்கின்றன. வெண்மணியில் இன்னொரு காட்சி உண்டு. அது சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் விடுதலையானார்கள். இவ்வளவு நிலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு சொன்னது. அந்தக் காட்சியை மேடையில் அப்படியே வாசித்துக் காட்டுங்கள். தீயே தேவையில்லை. 44 பேரும் அங்கே மறுபடியும் நம் கண் முன்னால் வந்து நிற்பார்கள்.

இன்னொன்று. அண்மையில் நடந்த கொலைகளை நாடகமாக்கும்போது அந்தக் குடும்பத்திடம் போய்க் கேட்டீர்களா? தன் பிள்ளை விழுந்து துடிப்பதை, உங்களில் ஒருவர் நடித்துக் காட்ட, ஒரு தாய் மறுபடியும் பார்க்க வேண்டுமா? கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளை உயிரோடிருந்தபோது எப்படிச் சண்டை போடுவான், என்ன பாட்டுக் கேட்பான் என்று அவர்கள் சொன்னால், அதை நடியுங்கள்.

இப்போது என் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள் விழாவுக்கு எங்கள் காலனிப் பிள்ளைகள் நாடகம் போட ஆசைப்பட்டார்கள். பதினோரு பேர். பள்ளியில் படிப்பவர்கள், ஐ.டி.ஐ. படிப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். "ஆணவக்கொலை போடலாம்க்கா" என்றார்கள். நான் ஒரு கேள்வி கேட்டேன். "தினமும் நீங்க யாருக்குப் பயப்படுறீங்க?" அரிவாளுக்கு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பால் சொசைட்டியில் கேனைத் தள்ளி வைக்கச் சொல்பவர் என்றது ஒரு பெண். வகுப்பில் எல்லோர் முன்னாலும் "ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எந்திரிங்க" என்பவர் என்றான் ஒருவன். டீக்கடை என்றார்கள் நான்கு பேர்.

எனவே டீக்கடையையே போட்டோம். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அது காகிதக் கப்பாக மாறியிருக்கிறது. நமக்குக் காகிதக் கப், ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர். கேட்டால் "சுத்தம்ப்பா" என்பார்கள். ஐ.டி.ஐ. படிக்கும் தம்பி ஒருவன் கடைக்காரர் வேடம் போட்டான். கை படாமல் கொஞ்சம் உயரத்திலிருந்து டீயை ஊற்றுவது, மீதிச் சில்லறையைக் கையில் தராமல் பலகையில் போடுவது, போட்டுவிட்டு அன்பாக "வேற என்னப்பா?" என்று கேட்பது எல்லாம் அப்படியே வந்தது. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மறுநாள் காலை அவர் காலனி முனையில் வந்து நின்றார். "என்னைப் பத்தி நாடகம் போட்டீங்களாமே?" மூன்று வாரம் அந்தக் கடையில் எங்கள் தெருவுக்குக் கடன் கிடையாது. வேலைக்குப் போகும் வழியில் டீ குடிக்க முடியாமல் போனவர்கள் எங்களைத் திட்டினார்கள். "படிச்ச புள்ள சும்மா இருக்காம இழுத்து விட்டுடுச்சு" என்று என் காதுபடவே சொன்னார்கள். நான் அம்மாவிடம் போய், தப்புப் பண்ணிட்டேனோ என்று கேட்டேன். அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னார்:

"அஞ்சு தடவ நீ செத்த. ஒருத்தனும் வந்து ஏன்னு கேக்கல. ஒரு தடவ அவன் டீ ஊத்துறதக் காட்டுனீங்க, வந்து நிக்கிறான் பாரு."

என் ஆய்வேட்டில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒரு வரி எழுதவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? கடன் திரும்பக் கிடைத்தது. கடையில் இப்போது எல்லோருக்கும் காகிதக் கப். எங்களுக்குக் கண்ணாடி டம்ளர் வரவில்லை, அவர்களுடையதும் போய்விட்டது, அவ்வளவுதான். இதை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏதோ ஒன்று அசைந்தது. என் ஐந்து சாவுகளும் சேர்ந்து ஒரு டம்ளரைக்கூட அசைத்ததில்லை.

பயத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1989 ஜனவரி 1 அன்று, தில்லியை அடுத்த ஜண்டாபூரில் தொழிலாளர்கள் நடுவே தெரு நாடகம் நடத்திக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மியைத் தாக்கினார்கள். மறுநாள் அவர் இறந்தார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் அந்தத் தாக்குதலில் கொல்லப்பட்டார். ஜனவரி 4ஆம் தேதி சஃப்தரின் இணையர் மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பிப்போய், பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார். அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளிடம் நீங்களும் அப்படி இருங்கள் என்று மேடையில் நின்று சொல்வது எனக்குச் சுலபம். நான் ஊருக்குப் போய்விடுவேன், நீங்கள் அந்தத் தெருவில் இருக்க வேண்டும். அதனால் தனியாகப் போகாதீர்கள். தெருவின் பெரியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முதலில் நடித்துக் காட்டுங்கள். எந்தக் காட்சி வேண்டாம் என்கிறார்களோ, ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். அந்தப் பதிலும் உங்கள் நாடகத்துக்கு உதவும். இயக்கத் தோழர்களும் வழக்கறிஞர்களும் உங்களுக்குப் பின்னால் நிற்கிறார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இப்படி நிற்பதுதான் இந்த விழாவை நடத்துகிற நம்மைப் போன்றவர்களின் வேலை. கோப்பை கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பிவிடுவதோடு அது முடிந்துவிடக்கூடாது.

குழுக்களில் இருக்கும் ஆதிக்க சாதிக் குடும்பங்களிலிருந்து வந்த தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் நல்லெண்ணத்தோடு வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. நல்ல வக்கீல் வேடத்தை எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். எங்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். கதவைச் சாத்திய பிறகு உங்கள் வீட்டுக்குள் எங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? நான் உங்கள் வீட்டுக்கு வந்து போன பிறகு உங்கள் அத்தை என்ன சொன்னார்? அதைக் கொண்டுவாருங்கள். உங்கள் அத்தையை நீங்களே நடியுங்கள். அது எங்களுக்காக அழுவதைவிடக் கஷ்டம். அதனால்தான் கேட்கிறேன்.

அடுத்த ஆண்டு இதே விழாவில் சந்திப்போம். அதற்குள் ஒவ்வொரு குழுவும் தங்கள் நாடகத்தைத் தங்கள் ஊரில் ஒரு முறையாவது, யாரைப் பற்றிப் போடுகிறீர்களோ அவர் காதில் விழும் தூரத்தில் நடத்திவிட்டு வாருங்கள். எத்தனை பேர் அழுதார்கள் என்று நான் கேட்க மாட்டேன். யாராவது கோபப்பட்டார்களா என்று கேட்பேன்.